மந்தக் காற்றுக்குத் தளர்ந்த கயிறு

மைசூருவில் பட்டத்துக்கு இரண்டு காலம். ஒன்று ஆஷாடம், நம் ஆனிக்கும் ஆடிக்கும் நடுவே விழும் மாதம். தென்மேற்குப் பருவக்காற்று பீடபூமியின் மேல் ஓயாமல் அடிக்கும் நாட்களில், பட்டம் விடத் தெரியாதவர் கையிலும் பட்டம் ஏறிவிடும். பெங்களூருக்கு வடக்கே தொட்டபள்ளாபுரத்தில் ஆஷாடப் பட்டம் ஊர்ப் பழக்கமாகவே இருக்கிறது. இன்னொன்று தசரா. லலித மகால் அரண்மனைக்குப் பக்கத்து ஹெலிபேட் மைதானத்தில் தசரா விழாவின் ஓர் அங்கமாகப் பட்டத் திருவிழா நடந்ததுண்டு. கூட்டத்துக்குக் குறைவிராது, காற்றுக்குத்தான் உத்தரவாதம் கிடையாது. தென்மேற்குக் காற்று மூட்டை கட்டிவிட்டது, வடகிழக்குக் காற்று இன்னும் வந்து சேரவில்லை என்ற இடைவெளியில்தான் பெரும்பாலும் விழா நாள் வந்து விழுகிறது. துணிப் பட்டம் ஒன்று பாதி உயரம் போய், தயங்கி, பின்பக்கமாகவே நழுவித் தரையில் உட்காரும். "காத்து பத்தல" என்று சொல்லி மடித்து வைப்பார்கள். அந்தத் தீர்ப்பு பல சமயம் தவறு என்பதே இந்தக் கட்டுரையின் வாதம். காற்று குறைவுதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் பட்டத்தைக் கீழே தள்ளுவது பெரும்பாலும் கயிற்றின் நீளத்தில் இருக்கும் நாலைந்து சென்டிமீட்டர் பிசகு. அதைச் சரிசெய்ய எடுக்க வேண்டிய நடவடிக்கையோ, உள்ளுணர்வு சொல்வதற்கு நேர் எதிரானது: மந்தக் காற்றில் கயிற்றை இறுக்கக் கூடாது, தளர்த்த வேண்டும்.

முதலில் காற்றின் பங்கைக் காற்றுக்குக் கொடுத்துவிடலாம். மைசூரு கடல்மட்டத்திலிருந்து சுமார் 770 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி சென்னைக் கடற்கரையில் இருப்பதைவிட 7 அல்லது 8 சதவீதம் குறைவு. பட்டத்தின் மேல் விழும் விசை அடர்த்திக்கு நேர் விகிதத்திலும் வேகத்தின் வர்க்கத்துக்கு விகிதத்திலும் வளர்வதால், இந்த நஷ்டத்தை ஈடுகட்ட மைசூருக் காற்று மெரினாக் காற்றைவிட 4 சதவீதம் வேகமாக வீசினால் போதும். மணிக்கு 10 கிலோமீட்டருக்குப் பதில் 10.4. இதைக் கையில் உணரக்கூட முடியாது. உயரமான ஊர் என்பதால் பட்டம் ஏறவில்லை என்ற சமாதானம் அதோடு முடிந்தது.

எடை அப்படிச் சின்ன விஷயமல்ல. பக்கத்துக்கு 50 சென்டிமீட்டர் உள்ள ஒரு காகிதப் பட்டம், 25 கிராம் எடை என்று வைத்துக்கொள்வோம். அது தன் எடையைத் தானே தூக்கி நிற்க, நொடிக்கு ஒன்றரை மீட்டர், அதாவது மணிக்கு ஐந்தரை கிலோமீட்டர் அளவு காற்று போதும். எடை இரட்டித்தால் தேவையான காற்று 1.4 மடங்கு, எடை நாலு மடங்கானால் காற்று இரு மடங்கு. நாட்டுப் பட்டக்காரர் மூங்கில் ஈர்க்கைச் சீவிச் சீவி விளக்கு வெளிச்சத்தில் வளைத்துப் பார்ப்பதன் பொருள் இதுதான். பவர் கைட் எனப்படும் ஆளை இழுக்கும் துணிப் பட்டத்துக்குக் குச்சியே கிடையாது. அறை அறையாகத் தைத்த துணி இறக்கை அது. முன் விளிம்பில் வாய் திறந்திருக்கும், காற்று புகுந்து புடைத்தால்தான் வடிவம். அமெரிக்கரான டொமினா ஜால்பர்ட் 1964-ல் பாராஃபாயில் என்ற பெயரில் உருவாக்கிய யோசனையின் வாரிசு. ஐந்து சதுர மீட்டர் பட்டம் ஒன்றரை கிலோ எடை என்று கொண்டால், சதுர மீட்டருக்கு 300 கிராம். காகிதப் பட்டத்தைப் போல மும்மடங்கு சுமை. அது சும்மா நிற்கவே மணிக்கு ஒன்பது கிலோமீட்டருக்கு மேல் காற்று வேண்டும். தசரா மைதானத்தில் காகிதப் பட்டம் மேலே நிற்கும்போது துணிப் பட்டம் கீழே கிடப்பதில் அதிசயம் எதுவும் இல்லை.

இந்த இடத்தில் ஒரு சிறு அளவைக் கிட்டத்தில் பார்ப்பது நல்லது. நொடிக்கு மூன்று மீட்டர் காற்று, அந்த இறக்கையின் வாய்க்குள் புகுந்து உண்டாக்கும் அழுத்தம் சுமார் ஐந்து பாஸ்கல். ஒரு தட்டில் அரை மில்லிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றினால் தட்டின் அடியில் என்ன அழுத்தமோ அதேதான். அந்த அழுத்தத்தை நம்பித்தான் ஐந்து சதுர மீட்டர் இறக்கை வடிவம் பிடித்து நிற்க வேண்டும். அதே பட்டம் நொடிக்கு 12 மீட்டர் வேகத்தில் வானத்தில் குறுக்கே பாய்ந்தால், உள்ளழுத்தம் பதினாறு மடங்காகி எட்டு மில்லிமீட்டர் தண்ணீருக்குச் சமமாகும். துணி விறைத்து, சுருக்கங்கள் மறைந்து, தைத்தவர் நினைத்த வடிவம் வந்துவிடும். வெளிக்காற்று மாறவில்லை. பட்டம் ஓடியது, தனக்கு வேண்டிய காற்றைத் தானே உண்டாக்கிக்கொண்டது.

வாதத்தின் அச்சாணி இங்கே இருக்கிறது. பட்டம் காற்றைப் பிடித்து வைக்கும் பை அல்ல, இறக்கை. இறக்கையின் தரத்தைச் சொல்லும் எண் ஒன்று உண்டு: அது தரும் தூக்குவிசையை, அதன் மேல் விழும் பின்னிழுவையால் வகுத்து வரும் விகிதம். இந்த விகிதம் நான்கு என்றால், காற்றின் குறுக்கே ஓடவிட்ட பட்டம் காற்றைப் போல ஏறக்குறைய நான்கு மடங்கு வேகத்தை எட்ட முடியும். விசை வேகத்தின் வர்க்கமாக ஏறுவதால், கயிற்றில் விழும் இழுப்பு அசையாமல் நிற்கும்போது இருப்பதைப்போல ஏறக்குறைய பதினாறு மடங்காகும். கலிஃபோர்னியாவின் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வுக்கூடத்தில் இருந்த மைல்ஸ் லாய்டு, பட்டத்தைக் கொண்டு மின்சாரம் எடுக்க முடியுமா என்று 1980-ல் ஒரு கட்டுரையில் கணக்குப் போட்டபோது, கிடைக்கும் ஆற்றல் இந்த விகிதத்தின் வர்க்கத்தைப் பொறுத்து வளர்கிறது என்று காட்டினார். அந்தக் கணக்கை வைத்துப் பின்னாளில் நிறுவனங்களே எழுந்தன. கூகுள் வாங்கிய மகானி 2020-ல் மூடப்பட்டது. வணிகம் தோற்றது, கணக்கு தோற்கவில்லை. மந்தக் காற்றில் பட்டம் விடுபவருக்கு அதில் ஒரு பாடம் கிடைக்கிறது. காற்றைக் கூட்ட நம்மால் முடியாது. விகிதத்தைக் கூட்டலாம். அதைவிட எளிது, இருக்கும் விகிதத்தைக் கெடுக்காமல் இருப்பது.

கெடுப்பது எது? பிரேக். நாலு கயிற்றுப் பட்டத்தில் இரண்டு கயிறுகள் இறக்கையின் முன்பகுதியையும் நடுப்பகுதியையும் பிடித்து முழு இழுப்பையும் தாங்கும். இவை பவர் கயிறுகள். மற்ற இரண்டும் பின் விளிம்பைப் பிடித்திருக்கும். அவற்றை இழுத்தால் பின் விளிம்பு கீழே மடிந்து, இறக்கைக்குக் குழிவு கூடும். காற்று மந்தமாக இருக்கும்போது கை தன்னாலே பிரேக்கை இழுக்கிறது, ஏனென்றால் இழுத்த அந்தக் கணத்தில் பட்டம் கனத்தாற்போல் தோன்றும், கையில் பிடிப்பு தெரியும். எண்களில் பார்ப்போம். பிரேக் போட்டதால் தூக்குவிசைக் கெழு 20 சதவீதம் ஏறியது, ஆனால் விகிதம் நான்கிலிருந்து இரண்டரைக்கு இறங்கியது என்று கொள்வோம். பதினாறு இருந்த இடத்தில் 6.25, அதை 1.2 ஆல் பெருக்கினால் ஏழரை. இருபது சதவீதம் சம்பாதிக்கப் போய்ப் பாதிக்கு மேல் இழந்தாயிற்று. இன்னும் இழுத்தால் மேற்புறத்தில் ஓடும் காற்று துணியை விட்டுப் பிரிந்துவிடும். தூக்குவிசை சரிந்து, பட்டம் பின்னோக்கி விழும். மைதானத்தில் பட்டம் தயங்கிப் பின்பக்கமாக நழுவுகிறதென்றால் அதன் பொருள் அதுதான். காற்று போதாத பட்டம் சோர்ந்து தொங்கி முன்பக்கமாகவோ பக்கவாட்டிலோ சரியும். பின்னால் நழுவுவது பிரேக்கின் கையெழுத்து.

இதற்கு எதிராக ஒரு பழைய அனுபவ அறிவு குரல் கொடுக்கும், அதைச் சும்மா ஒதுக்கிவிட முடியாது. காகிதப் பட்டத்தில் நூலைக் கட்டும் முக்கோணக் கயிற்றுக்குத் தமிழ்நாட்டில் சூத்திரம் என்று பெயர், கன்னடத்திலும் சூத்திரம்தான். யாழ்ப்பாணத்தில் முச்சை. தைப்பொங்கலன்று வல்வெட்டித்துறைக் கடற்கரையில் ஏறும் பெரும் பட்டங்களுக்கு முச்சை கட்டுவது தனிக் கலை. சூத்திரத்தின் முடிச்சைப் பட்டத்தின் தலைப்பக்கம் ஏற்றினால் பட்டம் காற்றில் படுத்துப் பறக்கும், வால்பக்கம் இறக்கினால் நிமிர்ந்து நின்று காற்றை நெஞ்சில் வாங்கும். காற்று பலமாக இருந்தால் ஏற்று, குறைவாக இருந்தால் இறக்கு என்பதைக் கேள்விப்படாத பட்டக்காரர் குறைவு. குறைந்த காற்றில் நிமிர்த்து என்று பாரம்பரியம் சொல்கிறது, படுக்கவிடு என்று இந்தக் கட்டுரை சொல்கிறது. எது சரி?

இரண்டும் சரி, கேள்விகள்தான் வேறு. ஒற்றை நூல் பட்டம் வானில் ஓரிடத்தில் நிற்க வேண்டியது. அதன் கேள்வி: இருக்கிற இந்தக் காற்றில் என் எடையைத் தூக்க முடியுமா? அதற்கு வேண்டியது உச்சத் தூக்குவிசைக் கெழு. அது காற்று துணியை விட்டுப் பிரிவதற்குச் சற்று முன்னால் உள்ள பெரிய கோணத்தில் கிடைக்கிறது. ஆகவே முடிச்சை இறக்குவது நியாயம். பவர் கைட்டின் கேள்வி வேறு: ஓட முடியுமா, எவ்வளவு வேகமாக? அதற்குப் பின்னிழுவை குறைய வேண்டும், கோணம் குறைய வேண்டும். ஒற்றை நூல் பட்டத்திலேயே இந்த இரண்டாம் கேள்வி அவ்வப்போது எட்டிப்பார்ப்பதுண்டு. காற்று விழுந்துவிட்ட சாயங்காலத்தில் பையன்கள் நூலைச் சுண்டிச் சுண்டி இழுத்துப் பட்டத்தை மேலே ஏற்றுவதைக் கவனித்தால், சுண்டும் ஒவ்வொரு முறையும் பட்டம் தலையைச் சாய்த்துப் பாய்வது தெரியும். சூத்திரத்தை ரொம்ப இறக்கிக் கட்டிய பட்டம் அப்படிப் பாயாது. இழுத்த இழுப்புக்குத் தலையாட்டி, ஆளை நோக்கி வந்து நிற்கும்.

சிக்கல் என்னவென்றால், பவர் கைட்டுக்கு இரண்டு கேள்வியும் வரும். தரையிலிருந்து கிளம்பும் முதல் சில நொடிகள் அது அசையாத பட்டம். கிளம்பிய பிறகு ஓடும் பட்டம். ஒரே கட்டு இரண்டுக்கும் விடையாகாது. இதற்குத்தான் நாலு கயிறும் இரண்டு கைப்பிடியும். 1899-ல் வில்பர் ரைட் டேட்டனில் ஐந்தடி அகல இரட்டைத் தட்டுப் பட்டம் ஒன்றை நாலு கயிறுகளால், இரு கையிலும் பிடித்த இரண்டு குச்சிகளைச் சாய்த்து இயக்கிப் பார்த்தார். இறக்கையை முறுக்கி விமானத்தைத் திருப்பலாம் என்ற யோசனைக்குச் சோதனை அது. இன்று மைதானத்தில் பார்க்கும் நாலு கயிற்றுக் கைப்பிடிக்கும் அந்தக் குச்சிகளுக்கும் உறவு நெருக்கம். கட்டிய கோணத்தைப் பறக்கும்போதே மாற்ற முடிகிறது என்பதுதான் நாலு கயிற்றின் சாரம். ஆனால் இந்த வசதிக்கு ஒரு வரம்பு உண்டு, அதைப் பலர் யோசிப்பதில்லை. கயிற்றுக்கு இழுக்கத் தெரியும், தள்ளத் தெரியாது. பிரேக் கயிறு வேண்டியதைவிட நீளமாக இருந்தால், வேண்டும்போது கையை மடக்கி அதை இழுத்துக்கொள்ளலாம். குட்டையாக இருந்தால், கைப்பிடியை எவ்வளவுதான் முன்னால் சாய்த்தாலும் ஒரு கட்டத்துக்கு மேல் அதைத் தளர்த்த வழியில்லை. திறமையான கை எல்லாவற்றையும் சமாளிக்கும், சென்டிமீட்டர் கணக்கெல்லாம் எதற்கு என்ற ஆட்சேபத்துக்கு இதுவே பதில். நீளத்தில் செய்த தவறைக் கை திருத்தும். குட்டையில் செய்த தவறைத் திருத்த முடியாது. அதனால் இரண்டுக்கும் நடுவே சந்தேகம் வந்தால் தளர்ச்சியின் பக்கமே சாய வேண்டும்.

குட்டை எங்கிருந்து வருகிறது? கடையில் வாங்கும்போது நாலு கயிறும் அளவெடுத்துச் சரியாகத்தானே இருந்தன? இருந்தன. பிறகு ஒரு பருவம் முழுக்க ஆளை இழுத்த சுமை பவர் கயிறுகளில் ஏறியது. பிரேக் கயிறுகள் அதில் சிறு பங்குகூடத் தாங்கவில்லை. டைனீமா போன்ற நவீன இழை நைலானைப் போல நீளாது. நைலான் அறுவதற்கு முன் இருபது சதவீதத்துக்கு மேலும் இழுபடும், டைனீமா மூன்று நான்கு சதவீதத்தோடு நிறுத்திக்கொள்ளும். ஆனாலும் பின்னல் இறுகுவதாலும் இழை மெல்ல நெகிழ்வதாலும் நிலையான நீட்சி கொஞ்சம் நிற்கும். 25 மீட்டர் கயிற்றில் 0.2 சதவீதம் என்றால் ஐந்து சென்டிமீட்டர். பவர் கயிறு ஐந்து சென்டிமீட்டர் நீண்டது என்பதும், பிரேக் ஐந்து சென்டிமீட்டர் குறைந்தது என்பதும் பட்டத்துக்கு ஒன்றே. கையில் பிரேக் பிடிக்காதபோதும் பட்டம் பிரேக்கோடு பறக்கிறது. ஆஷாடக் காற்றில் இது தெரியாது. அந்த வேகத்தில் எதுவும் பறக்கும். தசராவில் தெரியும். பழி காற்றின் மேல் விழும்.

இறக்கையின் அடியிலுள்ள கிளைக் கயிறுகளிலும், அதாவது சூத்திரத்திலும், இதே நாடகம் சின்ன அளவில் நடக்கிறது. முன்வரிசைக் கிளைகள் அதிகச் சுமையால் நீளும். பின்வரிசையில் சுமை குறைவு. ஈரமும் தூசியும் பின்னலுக்குள் ஏறி அவை சற்றுச் சுருங்கும். மைசூருச் செம்மண் தூள் எதையும் விட்டுவைப்பதில்லை. பாராகிளைடர் இறக்கைகளைப் பராமரிப்பவர்கள் குறிப்பிட்ட மணிநேரத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு கயிறாக அளப்பது இதனால்தான். அளவு எவ்வளவு முக்கியம் என்று பார்க்கச் சிக்கலான கணிதம் வேண்டாம். முன்வரிசைக்கும் பின்வரிசைக்கும் இடையே 60 சென்டிமீட்டர் என்றால், இரண்டு சென்டிமீட்டர் வித்தியாசம் முப்பதில் ஒரு பங்கு. கோணத்தில் ஏறக்குறைய இரண்டு டிகிரி. ஓடும் இறக்கை நன்றாக வேலை செய்யும் கோண வீச்சே சில டிகிரிதான். விரல் அகலப் பிசகில் அதில் ஒரு பெரிய துண்டு போய்விடுகிறது.

சரிபார்க்க ஒரு முளையும் பொறுமையும் போதும். தரையில் முளையடித்து, நாலு கயிற்றின் பட்டப் பக்க வளையங்களையும் அதில் மாட்டி, மறுமுனைவரை நடந்து போய், நாலையும் ஒரே கையில் ஒரே இழுப்பில் பிடித்தால், எது நீளம் எது குட்டை என்று வளையங்களே வரிசையாக நின்று சொல்லும். பவர் இரண்டும் தங்களுக்குள் சமமாக இருக்க வேண்டும், பிரேக் இரண்டும் அப்படியே. இதில் பிசகினால் பட்டம் எப்போதும் ஒரு பக்கமே இழுக்கும். பிறகு பவருக்கும் பிரேக்குக்கும் உள்ள வித்தியாசம். பெரும்பாலான கைப்பிடிகளில் பிரேக் கயிறு மாட்டும் இடத்தில் ஒரு சின்னக் கயிற்றுத் துண்டு தொங்கும், அதில் இரண்டு மூன்று சென்டிமீட்டர் இடைவெளியில் வரிசையாக முடிச்சுகள். கயிற்று நுனியின் வளையத்தை மடித்துச் சுருக்காக்கி ஒரு முடிச்சுக்குப் பின்னால் இறுக்கினால் நிற்கும். தளர்த்த வேண்டுமானால் கைப்பிடியிலிருந்து தள்ளி உள்ள அடுத்த முடிச்சு. ஒரு தடவைக்கு ஒரு முடிச்சு, இரண்டு பக்கமும் ஒன்றுபோல. சூத்திரத்தில் கை வைப்பது கடைசி வேலையாக இருக்கட்டும். தயாரித்தவர் கட்டியதை மாற்றலாமா என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானது, ஆனால் நீண்டும் சுருங்கியும் போன கயிற்றைப் பழைய அளவுக்குக் கொண்டுவருவது மாற்றம் ஆகாது. மாற்றம் ஏற்கெனவே நடந்துவிட்டது, இது திருத்தம்.

தளர்ச்சிக்கும் எல்லை இருக்கிறது. பிரேக் மிகத் தளர்ந்தால் பட்டம் திரும்பச் சோம்பும். தரையில் கவிழ்ந்த பட்டத்தைப் பின்னோக்கித் தூக்கிக் கிளப்ப முடியாது. சூத்திரத்தில் கோணத்தை அளவுக்கு மீறிக் குறைத்தால் விளைவு இன்னும் மோசம். திறந்த வாய்கள் ஒரு குறிப்பிட்ட திசையிலிருந்து காற்று வரும் என்று நம்பி வெட்டப்பட்டவை. கோணம் மிகக் குறைந்தால் காற்று மேற்புறத்திலிருந்து விளிம்பை அழுத்தும், முன் விளிம்பு உள்ளே மடங்கும், பட்டம் பந்தாகச் சுருண்டு விழும். மந்தக் காற்று ஒரே சீராக வீசுவதில்லை என்பதால் இந்த ஆபத்து கூடுதல். வெயிலில் தரை சூடேறிக் காற்றுக் குமிழ்கள் எழும்பும் மதியத்தில், சராசரி எட்டு கிலோமீட்டர் என்றால் அடுத்தடுத்த நிமிடங்களில் மூன்றும் பதினான்குமாக இருக்கலாம். இரண்டுக்கும் விசையில் ஏறக்குறைய இருபத்திரண்டு மடங்கு வித்தியாசம். ஆகவே தளர்த்தலைப் பிரேக் கயிற்றில் தாராளமாகவும், சூத்திரத்தில் கஞ்சத்தனமாகவும் செய்வதே முறை.

இவ்வளவு தொல்லை எதற்கு, பெரிய பட்டமாக வாங்கிவிட்டால் போயிற்று என்பது பணமுள்ளவரின் ஆட்சேபம். அதில் ஒரு பிழை ஒளிந்திருக்கிறது. பட்டம் எந்தக் காற்றில் நிற்கும் என்பதைத் தீர்மானிப்பது சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்பதே, மொத்தம் எத்தனை சதுர மீட்டர் என்பதல்ல. அதே துணியில் இரு மடங்கு பரப்புக்குத் தைத்தால் எடையும் குறைந்தது இரு மடங்கு. உள்ளே நிற்கும் துணிச் சுவர்களும் கிளைக் கயிறுகளும் நீளுவதால் அதற்கும் மேலேயே போகும். பெரிய பட்டம் ஒன்பது கிலோமீட்டர் காற்றில் அதிகமாக இழுக்கும், உண்மை. ஏழு கிலோமீட்டரில் சின்னது நிற்காவிட்டால் பெரியதும் நிற்காது. ஆறு கிலோமீட்டரில் ஏமாற்றிவிட்டுப் பதினெட்டுக்குத் தாவும் காற்றில் இழுப்பு ஒன்பது மடங்காகும்போது, பெரிய பட்டத்தைப் பிடித்திருப்பவரின் நிலை என்ன என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். கல்பிட்டியிலோ இராமேசுவரத்திலோ கடல்மேல் வரும் சீரான காற்றுக்கும், சாமுண்டி மலையடிவாரத்தில் தரைச்சூட்டோடு புரண்டு வரும் காற்றுக்கும் இதுதான் பெரிய வேறுபாடு.

நீளக் கயிறு போடலாம் என்ற யோசனைக்கு இதைவிட நியாயம் உண்டு. தரையிலிருந்து விலக விலகக் காற்று வேகம் கூடும். திறந்த வெளியில் உயரத்தின் ஏழில் ஒரு படி விகிதத்தில் ஏறும் என்பது பொறியாளர்களின் வாய்ப்பாடு. 20 மீட்டர் கயிற்றை 30 ஆக்கினால் பட்டத்தின் உயரம் ஒன்றரை மடங்கு, காற்று 6 சதவீதம், விசை 12 சதவீதம் கூடும். மரமும் கட்டடமும் சூழ்ந்த மைதானத்தில் லாபம் இதைவிட அதிகம். ஆனால் கயிறும் காற்றைக் கிழித்துக்கொண்டு ஓட வேண்டும். ஒன்றரை மில்லிமீட்டர் கயிறு, ஐந்து சதுர மீட்டர் பட்டம் என்றால், கூடுதல் பத்து மீட்டரால் வரும் இழப்பு மூன்று சதவீதம்தான், நீட்டுவது லாபம். ஒன்றரைச் சதுர மீட்டர் சின்னப் பட்டத்தில் மூன்று மில்லிமீட்டர் தடிமனான கயிற்றைப் போட்டு அதே பத்து மீட்டரை நீட்டினால், விசையில் ஆறில் ஒரு பங்கு போய்விடும்; லாபம் நஷ்டமாகிறது. நீளத்தைப் பற்றி யோசிக்கும் முன் தடிமனைப் பற்றி யோசிக்க வேண்டும். ஒற்றை நூலில் இது இன்னும் அப்பட்டம்: அரை மில்லிமீட்டர் நூல் 200 மீட்டர் விட்டால், நூலின் முன்பரப்பு மட்டும் 0.1 சதுர மீட்டர். மேலே சொன்ன காகிதப் பட்டத்தின் பரப்பே 0.25தான். நூல் சாய்ந்து நிற்பதால் முழுதும் காற்றில் மோதாது, ஆனாலும் பட்டம் சுமப்பது என்னவென்று தெரிகிறதல்லவா? கண்ணாடித் தூள் பூசித் தடித்த மாஞ்சா, மந்தக் காற்றில் தொங்கி வயிறு வைப்பதன் காரணமும் இதுவே. நைலான் போன்ற செயற்கை இழை மாஞ்சாவை 2017-ல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் நாடு முழுக்கத் தடைசெய்தது மனிதக் கழுத்தையும் பறவைச் சிறகையும் நினைத்து. பட்டத்தின் நலனுக்கும் அது ஒத்துப்போகிறது. நீளத்துக்குச் சட்டத்திலும் ஓர் எச்சரிக்கை உண்டு. 1934-ஆம் ஆண்டின் இந்திய விமானச் சட்டம் வானூர்தி என்பதற்குத் தந்த விளக்கத்தில் பலூன், கிளைடரோடு பட்டத்தையும் சேர்த்திருந்தது. மைசூருவில் மண்டகள்ளி விமான நிலையத்துப் பக்கம் நூலை நீட்ட நினைப்பவர்கள் அதை ஒரு நிமிடம் நினைவில் கொள்ளலாம்.

ஆக, மைதானத்தில் பட்டம் பின்பக்கமாக நழுவியதும் செய்ய வேண்டியது மேலே அண்ணாந்து காற்றைத் திட்டுவதல்ல. பட்டத்தைத் தலைக்கு நேர் மேலே நிறுத்தி, கைப்பிடிகளை முழுக்க முன்னால் சாய்த்து, பிரேக் கயிறுகளை மட்டும் பார்க்க வேண்டும். அவை பவர் கயிறுகளைப் போலவே விறைப்பாக நேர்கோட்டில் நின்றால், பிரேக் பிடித்திருக்கிறது என்று பொருள். ஒரு முடிச்சு தளர்த்த வேண்டும். பின்னும் விறைப்பா, இன்னொரு முடிச்சு. கயிற்றின் நடுவே காற்று ஊதிச் சற்றே வளைந்து தொய்வு தெரிந்ததும் நிறுத்திவிட வேண்டும். அந்தத் தொய்வோடு பட்டத்தை ஒரு பக்கம் சாய்த்துக் குறுக்கே பாயவிட்டால், துணியிலிருந்து முதலில் படபடப்பும், அது அடங்கியதும் ஓர் இரைச்சலும் கேட்கும். இரைச்சல் வந்துவிட்டால் உள்ளே எட்டு மில்லிமீட்டர் தண்ணீர் நிறைந்துகொண்டிருக்கிறது. கிளம்பும்போது மட்டும் கையைக் கொஞ்சம் மடக்கினால், தளர்த்திய அந்த இரண்டு முடிச்சும் கைக்குள்ளேயே திரும்பக் கிடைக்கும்.